சின்ன பயோரியாக்டருக்கு எல்இடி விளக்கும் சென்சாரும்: அடிக்கடி வரும் கேள்விகள்

மதுரைக் கல்லூரிகளில் பாசியோ பாக்டீரியாவோ வளர்த்து புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், ஆய்வகப் பொறுப்பாளர்கள், வீட்டு மாடியில் ஸ்பைருலினா முயன்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். பயோரியாக்டர் என்று நான் சொல்வது 250 மி.லி.யிலிருந்து 1 லிட்டர் வரையுள்ள கண்ணாடி பாட்டிலை. ரப்பர் கார்க், மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப், சுற்றிலும் விளக்கு, உள்ளே ஒன்றிரண்டு சென்சார், இவ்வளவுதான் அதன் உடம்பு.

ஜன்னல் ஓரத்தில் வைத்தாலே பாசி வளர்கிறதே, விளக்கு எதற்கு?

வளரும், நன்றாகவே வளரும். வெயிலுக்கு மதுரையில் என்ன குறை? உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு வினாடிக்கு, கிட்டத்தட்ட 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. சின்ன பாட்டிலில் இருக்கும் பாசிக்கு 50 முதல் 200 வரை இருந்தால் போதும். அறுவடைதான் நோக்கம் என்றால் வெளியில் தொட்டி கட்டி, மேலே நிழல்வலை போட்டு வளர்ப்பதே சரி.

ஆய்வு வேறு சங்கதி. சித்திரையில் எடுத்த ரிசல்ட்டைக் கார்த்திகை மழை மூட்டத்தில் திரும்ப எடுக்க முடியாது. இரண்டு பாட்டிலை ஒரே ஜன்னலில் வைத்தாலும் இடது பக்கத்து பாட்டிலுக்கும் வலது பக்கத்து பாட்டிலுக்கும் ஒரே வெளிச்சம் கிடைக்காது. நைட்ரேட்டைக் கூட்டினேன், வளர்ச்சி கூடியது என்று எழுதுகிறீர்கள். கூடியது நைட்ரேட்டாலா, அன்றைக்கு அடித்த வெயிலாலா? இதற்குப் பதில் சொல்லத்தான் விளக்கை நம் கைக்குள் வைத்துக்கொள்கிறோம்.

முதலில் எதை வாங்குவது?

எல்லோரும் விளக்கில் ஆரம்பிக்கிறார்கள். நான் வெப்பநிலை சென்சாரில் ஆரம்பிக்கச் சொல்வேன். அடுத்து ஒளி சென்சார், அப்புறம் கலங்கல் (திரவத்தில் பாசி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பது) அளக்கும் ஏற்பாடு, அதற்குப் பிறகு பிஎச். கரைந்த ஆக்சிஜன் அளக்கும் புரோப் விலை கூடியது, பராமரிப்பும் அதிகம். அது இல்லாமலே முதல் வருடத்தை ஓட்டலாம்.

காரணம் எளிது. அளக்கத் தெரியாமல் கட்டுப்படுத்த முடியாது. விளக்கைப் பாதியாகக் குறைத்தேன் என்றால், எதில் பாதி? திரையில் 50 சதவீதம் என்று தெரிவது மின்சாரத்தின் கணக்கு. பாசிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று சென்சார்தான் சொல்லும்.

சாதாரண ஸ்டிரிப் லைட் போதுமா?

தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். 12 வோல்ட், மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 வகை ஸ்டிரிப் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 14.4 வாட் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். மூன்று எல்இடிக்கு ஒரு இடத்தில், அதாவது 5 செ.மீ.க்கு ஒருமுறை, வெட்டலாம். 500 மி.லி. போரோசில் பாட்டிலின் குறுக்களவு 86 மி.மீ., சுற்றளவு 27 செ.மீ. வரும். 25 செ.மீ. துண்டு ஒன்றுக்கு 15 எல்இடி. அப்படி நான்கு வளையம் வைத்தால் மொத்தம் ஒரு மீட்டர், 14.4 வாட்.

ஸ்டிரிப்பை பாட்டில் மேலேயே ஒட்டாதீர்கள். பாட்டிலைவிட 3 அல்லது 4 செ.மீ. அகலமான அலுமினியத் தகட்டு உருளைக்குள் ஒட்டி, பாட்டிலை நடுவில் நிறுத்துங்கள். அப்போது வளையம் இன்னும் நீளமாகும், அதற்கேற்ப ஒரு துண்டு கூட்டிக்கொள்ளலாம். அந்தத் தகடே சூட்டை வெளியே இழுத்துக்கொள்ளும், ஒளியையும் உள்ளே திருப்பி அனுப்பும். கழுவுவதற்கு பாட்டிலை உருவி எடுப்பதும் சுலபம்.

ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியே நிறம் மாற்றும் டபிள்யூஎஸ்2812பி ஸ்டிரிப்பைப் பலர் விரும்புகிறார்கள். நிரலால் ஆட்டுவிக்க வசதியானதுதான். ஆனால் அதன் சிவப்பு 620 நானோமீட்டர் பக்கம் நிற்கிறது. 660 வேண்டும் என்ற சோதனைக்கு அது உதவாது.

சிவப்பும் நீலமும் கலந்த ஊதா விளக்குதானே நல்லது?

பச்சையம்-ஏ நீலத்தில் 430 நானோமீட்டர் அருகிலும், சிவப்பில் 660 முதல் 680 வரையிலும் ஒளியை நன்றாகப் பிடிக்கிறது. அதை வைத்து வந்த யோசனை இது. குளோரெல்லா என்ற பச்சைப் பாசிக்கு ஓரளவு பொருந்தும். ஸ்பைருலினாவின் கதை வேறு. அதில் ஒளியைப் பிடிக்கும் வேலையின் பெரும்பங்கு பைகோசயனின் என்ற நீல நிறமியுடையது, அது 620 பக்கத்து ஆரஞ்சு-சிவப்பை விரும்பும். வெறும் நீல ஒளியில் ஸ்பைருலினா மந்தமாகவே வளரும்.

நிறம்தான் உங்கள் ஆய்வுப் பொருள் என்றால் தனி நிறங்கள் வாங்குங்கள். இல்லையென்றால் வெள்ளை எல்இடியே என் சிபாரிசு. வெள்ளையில் கல்ச்சரின் (பாட்டிலில் வளரும் பாசித் திரவத்தின்) உண்மையான நிறம் கண்ணுக்குத் தெரியும். பச்சை மஞ்சளாக வெளிறுவது, அடியில் பழுப்பு படிவது இதெல்லாம் ஊதா வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. தினமும் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்த சென்சாரும் கிடையாது.

எங்களிடம் லக்ஸ் மீட்டர்தான் இருக்கிறது. அதை வைத்துச் சமாளிக்கலாமா?

வெள்ளை விளக்குக்குச் சமாளிக்கலாம். வெள்ளை எல்இடியில் சுமார் 70 லக்ஸை ஒரு மைக்ரோமோலாக எடுத்துக்கொள்ளுங்கள். 7000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய 100 மைக்ரோமோல். வெயிலுக்கு இந்தக் கணக்கு 54. சிவப்பு, நீல எல்இடிக்கு லக்ஸ் மீட்டரைக் கொண்டுபோகவே வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சைக்கே அதிகம் மசியும். 660 சிவப்பு எவ்வளவு கொட்டினாலும் மீட்டர் குறைத்தே காட்டும்.

எங்கே வைத்து அளப்பது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பாட்டிலுக்கு வெளியே, விளக்குக்கு நேராக மீட்டரைப் பிடித்து அளந்த எண் பாசிக்குச் சம்பந்தமில்லாதது. பிஎச்1750 என்ற குட்டி ஒளி சென்சார் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை 25 மி.மீ. டெஸ்ட் டியூபுக்குள் செங்குத்தாக இறக்கி, டியூப் வாயைப் பஞ்சால் அடைத்து, பாட்டிலில் வெறும் தண்ணீர் நிரப்பி, நடுவில் நிறுத்துங்கள். நான்கு பக்கமும் திருப்பி நான்கு அளவு எடுங்கள். மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் எடுங்கள். விளக்கு ஒருசீராக இருக்கிறதா என்று அந்தப் பன்னிரண்டு எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எவ்வளவு வெளிச்சம் கொடுப்பது?

புதிதாக விதைத்த, இளம்பச்சையான கல்ச்சருக்கு 30 முதல் 50 மைக்ரோமோல். நீர்த்த கல்ச்சரில் ஒவ்வொரு செல்லுக்கும் முழு வெளிச்சமும் நேராக விழும். எடுத்த எடுப்பில் 300 கொடுத்தால் இரண்டே நாளில் வெளிறிவிடும். நிறம் அடர்ந்து, பாட்டிலுக்குப் பின்னால் வைத்த எழுத்து தெரியாமல் போன பிறகு 100, 150 என்று ஏற்றலாம். அடர்ந்த கல்ச்சரில் ஒளி சுவரிலிருந்து சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். நடுவில் இருக்கும் செல்கள் இருட்டில்தான் கிடக்கும், அதனால் கலக்கிவிடுவதும் ஒளி கொடுப்பதன் ஒரு பகுதியே. கலங்கல் கூடக்கூட ஒளியைத் தானே கூட்டும்படி நிரல் எழுதலாம். கட்டுப்படுத்தும் விளக்கு என்பதற்கு உண்மையான பொருள் அங்கேதான் கிடைக்கிறது.

மங்கலாக்குவது எப்படி? ரெகுலேட்டர் வைக்கலாமா?

ஃபேன் ரெகுலேட்டர் வேண்டாம். நிரல் எழுதி ஓட்டும் ஈஎஸ்பி32 போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதன் பிடபிள்யூஎம் வெளியீட்டை (விளக்கை வேகமாக ஏற்றி அணைத்து மங்கலாக்கும் சிக்னல்) ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக ஸ்டிரிப்புக்குக் கொடுங்கள். அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கட்டும். மாஸ்ஃபெட் வாங்கும்போது ஐஆர்எல்இசட்44என் மாதிரி லாஜிக் லெவல் வகையாகக் கேளுங்கள். கடையில் சாதாரணமாக எடுத்து நீட்டும் ஐஆர்எஃப்540 இந்த போர்டின் 3.3 வோல்ட்டுக்குச் சரியாகத் திறக்காது, அரைகுறையாகத் திறந்து தானே கொதிக்கும். மாஸ்ஃபெட்டின் ‘கேட்’ காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிட்டால் போர்டு விழித்தெழும் சமயத்தில் விளக்கு தானாகப் பளிச்சிடாது.

1 வாட், 3 வாட் தனி எல்இடிகளுக்கு கரண்ட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் கட்டாயம். நேராக வோல்டேஜ் கொடுத்தால் சூடேறச் சூடேற அதிகக் கரண்ட் இழுத்துத் தானே எரிந்துபோகும்.

விளக்கு போட்டதும் கல்ச்சர் சூடாகிறது. என்ன செய்வது?

மதுரையில் இதுதான் தலையாய பிரச்சினை. ஏசி இல்லாத ஆய்வகம் ஏப்ரல், மே மாதங்களில் 34, 35 டிகிரியில் நிற்கும். பாசி உறிஞ்சும் ஒளியில் பெரும்பகுதியும் கடைசியில் சூடாகத்தான் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 2100 ஜூல் வேண்டும். 14.4 வாட்டில் பாதி, 7 வாட், கல்ச்சருக்குள் போனால் ஒரு மணி நேரத்தில் 25,000 ஜூல். சூடு வெளியேறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 12 டிகிரி ஏறும். நடைமுறையில் சூடு வெளியேறும், அறையைவிட நாலைந்து டிகிரி மேலே போய் நிற்கும். 35க்கு மேல் ஐந்து என்றால் 40. ஸ்பைருலினா 30 முதல் 35 வரை சுகமாக இருக்கும், 40 அதற்கு ஆபத்தான எல்லை. பெரும்பாலான குளோரெல்லா வகைகளுக்கு 30ஐத் தாண்டினாலே கஷ்டம்.

முதல் வழி, விளக்கை பாட்டிலிலிருந்து தள்ளி வைத்து, நடுவில் காற்று ஓட விடுவது. கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் சின்ன ஃபேனை உருளையின் அடியில் வைத்து மேல்நோக்கி ஊத விடுங்கள். அதுவே நல்ல பலன் கொடுக்கும். போதவில்லையென்றால் விளக்கு நேரத்தை ராத்திரிக்கு மாற்றுங்கள். இரவு 8 மணி முதல் காலை 8 வரை பாசிக்குப் பகல், மற்ற நேரம் இருட்டு. அதற்கு சூரியன் தேவையில்லை, ஒழுங்கான பன்னிரண்டு மணி நேரம்தான் தேவை. அறையும் அப்போது குளிர்ந்திருக்கும். பகலில் வெளி வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் மூட மறக்க வேண்டாம்.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 சென்சார், ஸ்டீல் குழாய்க்குள் அடைத்த வகை. டேட்டா வயருக்கும் பவர் வயருக்கும் நடுவே 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் போட வேண்டும். அரை டிகிரி துல்லியம் என்பார்கள், ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சந்தையில் போலிகள் நிறைய. நிரலில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த சென்சாருக்குக் கரண்ட் போய்த் திரும்ப வந்தால் 85 என்று காட்டும். வயர் கழன்றால் வழக்கமான ஆர்டுயினோ நிரலகம் மைனஸ் 127 தரும். “36ஐத் தாண்டினால் விளக்கை அணை” என்று மட்டும் எழுதினால், வயர் கழன்ற அன்று மைனஸ் 127ஐக் குளிர் என்று நினைத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டு எண்களும் வந்தால் விளக்கு அணைய வேண்டும், எச்சரிக்கையும் வர வேண்டும்.

கலங்கலைத் தானாக அளக்க முடியுமா?

முடியும், இந்த ஏற்பாட்டிலேயே சுவையான பகுதி இதுதான். பாட்டிலின் ஒரு பக்கம் 850 அல்லது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, இன்னொரு இடத்தில் பிபிடபிள்யூ34 போன்ற ஃபோட்டோடயோடு. 750க்கு மேல் பச்சையம் ஒளியை உறிஞ்சாது. எனவே கிடைக்கும் அளவு நிறத்தைப் பற்றியதாக இல்லாமல் செல்களின் எண்ணிக்கையையும் பருமனையும் பற்றியதாக இருக்கும்.

நேர் எதிரே வைக்கலாமா என்றால், ஸ்பெக்ட்ரோமீட்டரின் 1 செ.மீ. கண்ணாடிக் கலத்தில் (குவெட்) ஒளி அடர்த்தி 0.3 காட்டும் கல்ச்சர் 8.6 செ.மீ. பாட்டிலைக் கடக்கும்போது கணக்குப்படி 2.6 ஆகிவிடுகிறது. நூற்றில் ஒரு பங்கு ஒளிகூட மறுபக்கம் வராது. ஆகவே எல்இடிக்கும் டயோடுக்கும் நடுவே 90 டிகிரி கோணம் வைத்து, சிதறும் ஒளியை அளப்பது நல்லது. இரண்டையும் கறுப்புக் குழாய்க்குள் அமர்த்தி பாட்டிலோடு ஒட்ட வைக்க வேண்டும்.

வளர்ப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் டயோடு அதையும் சேர்த்துப் பார்த்துவிடும். எனவே அளக்கும் வரிசை முக்கியம். ஏர் பம்பை நிறுத்தி, குமிழி அடங்கச் சில வினாடி பொறுக்க வேண்டும். வளர்ப்பு விளக்கை அணைத்து, இருட்டில் ஒரு அளவு. அகச்சிவப்பை ஏற்றி இன்னொரு அளவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்க வேண்டும். இப்படிப் பதினைந்து இருபது முறை எடுத்து நடுமதிப்பை வைத்துக்கொண்டு, விளக்கையும் பம்பையும் திரும்பப் போட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில வினாடி இருட்டு வந்தால் பாசிக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியில் அந்த எண்ணைக் கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரோடு பொருத்த வேண்டும். அடர்ந்த கல்ச்சரைப் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொன்றையும் 750 நானோமீட்டரில் அளந்து, அதே மாதிரியை உங்கள் பாட்டிலிலும் அளந்து வரைபடம் போடுங்கள். நேர்கோடாக வராது, ஓரிடத்தில் வளையும். அந்த வளைவு வரைக்கும்தான் உங்கள் சென்சாரை நம்பலாம். ஸ்பைருலினாவில் இன்னொரு தொல்லை: அது சுருள் சுருளான இழை, பம்ப் நின்றதும் திரண்டு மிதக்கும். அளவு குதிக்கும். அதற்கு வாரம் ஒருமுறை வடிகட்டி உலர்த்தி எடை பார்ப்பதே நம்பகம்.

விளக்கு எரிந்தால் பிஎச் அளவு தாவுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பிஎச் புரோப் ஒரு அலகுக்கு 59 மில்லிவோல்ட்தான் தருகிறது, அதுவும் 25 டிகிரியில். விளக்கின் கரண்ட் அதே கிரவுண்ட் வயரில் ஓடினால் அந்தச் சிறு வோல்டேஜ் ஆடிப்போகும். பிஎச் போர்டுக்குத் தனி பவர் சப்ளை, முடிந்தால் மின்தொடர்பைப் பிரித்து வைக்கும் ஐசோலேட்டர் போர்டு வையுங்கள். ஏர் பம்பிலிருந்து தண்ணீருக்குள் மின்கசிவு வருகிறதா என்றும் பாருங்கள். பம்பின் பிளக்கை உருவியதும் அளவு நிலைத்தால் குற்றவாளி அதுதான்.

உண்மையான மாற்றத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒளி வந்ததும் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், பிஎச் மெல்ல ஏறும். இருட்டில் இறங்கும். ஒரே நொடியில் தாவினால் மின்சாரக் கோளாறு, மணிக்கணக்கில் ஏறினால் ஒளிச்சேர்க்கை. புரோப்பைச் சும்மா வைக்கும்போது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள், காய்ச்சி வடித்த தண்ணீரில் வேண்டாம். ஸ்பைருலினா பிஎச் 9 முதல் 10.5 வரை வாழ்வது, எனவே 7, 10 பஃபர்களில் சரிபார்ப்பது பொருத்தம்.

ஆட்டோகிளேவில் சென்சாரையும் வைக்கலாமா?

வேண்டாம். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் பாத்திரம்) எட்டும் 121 டிகிரியை டிஎஸ்18பி20யின் சில்லு தாங்கலாம், அதன் வயரும் பிளாஸ்டிக் உறையும் தாங்காது. ரப்பர் கார்க்கில் துளையிட்டு, அடிமூடிய மெல்லிய ஸ்டீல் குழாயோ சின்ன டெஸ்ட் டியூபோ செருகி, பாட்டிலோடு சேர்த்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஆறிய பிறகு குழாய்க்குள் சில சொட்டு கிளிசரின் விட்டு சென்சாரை இறக்குங்கள். விளக்கும் கலங்கல் சென்சாரும் கண்ணாடிக்கு வெளியேதான், அவற்றுக்குக் கவலையில்லை. சாதாரண பிஎச் புரோப்பை 70 சதவீத எத்தனாலில் துடைத்து லேமினார் ஃப்ளோவில் (கிருமி வடிகட்டிய காற்று வீசும் மேடை) செருகலாம். காற்றுக் குழாயில் 0.2 மைக்ரான் வடிகட்டி.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கி மாலைவரை நீளும், அறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைவது பெரிய நஷ்டமில்லை. பம்ப் நிற்பதுதான் ஆபத்து. பம்ப் மேஜையில் தாழ்வாக இருந்தால் கல்ச்சர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி பம்புக்குள் போய்விடும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், ஒருவழி வால்வும் போடுங்கள். போர்டு நேரத்தை மறந்துவிடாதிருக்க பேட்டரி உள்ள டிஎஸ்3231 கடிகாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் மின்சாரம், பாட்டில் இருக்கும் மேஜைக்கே வரக்கூடாது. பவர் சப்ளை எட்ட இருக்கட்டும், 12 வோல்ட் மட்டும் மேஜைக்கு வரட்டும்.

போர்வெல் தண்ணீரில் மீடியம் கலக்கலாமா?

ஸ்பைருலினா வளர்க்கும் ஸாருக் மீடியத்தில் (சத்துக் கரைசல்) லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட் போகிறது. நம் ஊர்க் கடின நீரில் அதைக் கலந்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படியும், தண்ணீர் பால் மாதிரி கலங்கும். கலங்கல் சென்சார் அதையும் பாசி என்றே எண்ணும். கண்ணாடியில் வெள்ளைப் படிவும் ஏறும். காய்ச்சி வடித்த நீரோ ஆர்ஓ நீரோ பயன்படுத்துங்கள்.

ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஒளி எதற்கு?

வளர்வதற்குத் தேவையில்லை. ஒளியால் மரபணுவை இயக்கும் ஆய்வுகளுக்குத் தேவை. அப்படி ஒளியை உணர்ந்து மரபணுவை இயக்கும் சிசிஏஎஸ் அமைப்பு பச்சை ஒளியில் இயங்கி சிவப்பில் அடங்கும். அதற்கு 520 முதல் 535 வரையும், 660 முதல் 670 வரையும் தனித்தனி எல்இடி வேண்டும். வெளி ஒளி துளியும் புகக்கூடாது. டெட்ராசைக்ளின் போன்ற சில ஆண்டிபயாடிக்குகள் ஒளியில் சிதையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆயத்தமாக யாராவது வடிவமைத்து வைத்திருக்கிறார்களா?

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஈவால்வர் 2018இலும், ஆக்ஸ்ஃபோர்டில் உருவான கை.பயோ 2020இலும் வெளிவந்தன. இரண்டும் திறந்த வடிவமைப்பு. அப்படியே கட்டச் செலவாகும். ஒரு முறையாவது அவற்றின் வரைபடங்களைத் திறந்து, ஒளியும் சென்சாரும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் விளக்கைப் பற்றி என்ன எழுதுவது?

“12 வாட் வெள்ளை எல்இடி பயன்படுத்தப்பட்டது” என்று எழுதினால் அடுத்த வருட மாணவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: வெள்ளை எல்இடி, 86 மி.மீ. குறுக்களவுள்ள பாட்டில், தண்ணீர் நிரப்பிய நிலையில் நடுவில் அளந்தபோது 100 மைக்ரோமோல், லக்ஸிலிருந்து கணக்கிட்டது, 12 மணி ஒளி 12 மணி இருள், கல்ச்சர் வெப்பநிலை குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு. லக்ஸ் மீட்டரில் எடுத்ததை மறைக்க வேண்டாம். எப்படி எடுத்தது என்று தெரிந்தால் படிப்பவர் தாமே திருத்திக்கொள்வார்.